பேரேட்டோடு ஓராண்டு

தாவரவியலில் பட்டம் பெற்ற நான், தொழில்முறைக் கணக்கியலில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது, பற்று எது, வரவு எது என்பதைக்கூடச் சரியாக அறிந்திருக்கவில்லை. முதல் மாதத்தில் ஒரு மாலை, எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளைப் பட்டியலிடும் இருப்பாய்வை நான் தயாரித்தபோது, சமமாக இருக்க வேண்டிய அதன் இரு பக்கங்களும் 270 ரூபாய் வேறுபட்டு நின்றன. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு என்று ஆசிரியை சொல்ல, கணக்குகள் தொகுத்து எழுதப்படும் பேரேட்டைப் புரட்டியதில், 5,630 என்பதை 5,360 என்று எடுத்தெழுதியிருந்தது தெரிந்தது. அன்றுதான் இப்பாடம் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது.

வரிச் சட்டமும் தணிக்கையும் உழைத்துப் படித்தால் வந்துவிடும். குத்தகைக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 116தான் பல இரவுகளை எடுத்துக்கொண்டது. 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அத்தரநிலையின்படி, ஒரு கட்டடத்தை ஐந்தாண்டுக்கு வாடகைக்கு எடுக்கும் நிறுவனம், இனிச் செலுத்த வேண்டிய தொகைகளின், வட்டியைக் கழித்த இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, அதைப் பொறுப்பாகவும் (தீர்க்க வேண்டிய கடனாகவும்), கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும், நிறுவனத்தின் சொத்துகளையும் கடன்களையும் பட்டியலிடும் இருப்புநிலைக் குறிப்பில் காட்ட வேண்டும். முன்பு அத்தகைய வாடகை பெரும்பாலும் செலவாக மட்டுமே பதிவானதால், நிறுவனம் சுமக்கும் கடமையின் அளவு முதலீட்டாளர் கண்ணில் எளிதில் படவில்லை. இதை மிக நியாயமான மாற்றம் என்றே கருதுகிறேன். மென்பொருள் நொடியில் முடித்துவிடும் இக்கணக்கை ஒருமுறையாவது தாளில் ஆண்டுவாரியாகப் போட்டுப் பார்த்தால், பொறுப்பு குறையக் குறைய வட்டியும் இறங்கி வருவது கண்முன்னே தெரியும்.