ஒரே ஒரு துளை

இன்று வளைவில் ஹேண்டிலைத் திருப்பினேன். பனியில் ஓடும் என் ஸ்னோமொபைல் உடனே திரும்பியது!

போன வாரம் வரை முன்னால் இருக்கும் ஸ்கீ பலகை இரண்டும் பனியில் பிடிப்பே இல்லாமல் நேராக வழுக்கிக்கொண்டு போகும். பின்பக்க சஸ்பென்ஷனுக்கு (அதிர்வைத் தாங்கும் அமைப்பு) புது ஷாக் போட்டும் அதே கதைதான்.

விஷயம் இருந்தது லிமிட்டர் ஸ்ட்ராப்பில். இரண்டு விரல் அகலப் பட்டை, வரிசையாகத் துளைகள். அந்தப் பின்பக்க சஸ்பென்ஷனின் முன்பக்கம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. ஒரு துளை இறுக்கினேன், எடை முன்னால் வந்து ஸ்கீ மேல் உட்கார்ந்துவிட்டது.

ஸ்பிரிங்கை இன்று தொடவில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

நாளை முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்து, பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும். அப்புறம் அதே தடம், அதே வேகம்.