வெஸ்லிக்கே முடியவில்லை

பாவத்தை ஜெயிக்க நம்மில் பலருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: இன்னும் கொஞ்சம் ஜெபம், இன்னொரு உபவாசம், ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நோன்புக் காலத்திலாவது ஒழுங்காக இருந்துவிட வேண்டும் என்ற தீர்மானம். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லியைவிட இதை யாரும் தீவிரமாகச் செய்திருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது, அப்புறம் 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கே ஊழியத்துக்குக் கிளம்பியது என்று எல்லாம் செய்தும், நடுக்கடலில் புயல் அடித்தபோது அவர் சாவுக்குப் பயந்தார், பக்கத்தில் மொரேவியர் என்ற ஜெர்மானிய கிறிஸ்தவக் குழுவின் விசுவாசிகள் குடும்பத்தோடு நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஊழியம் தோற்று லண்டன் திரும்பினார். 1738 மே 24 மாலை, ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு விருப்பமே இல்லாமல் போனார் (எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் இது). வேதாகமத்தின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்க, கிறிஸ்து தன் பாவங்களை, ஆம் தன்னுடையதையே, எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்குள் வந்தது. அன்று அவர் செய்தது ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான்.

சோதனைகள் அன்றிரவே திரும்ப வந்தன. ஆனால் முன்பு போராடி அடிக்கடி தோற்றவன், இப்போது எப்போதும் ஜெயிக்கிறேன் என்று எழுதினார். ரோமர் 6:14 சொல்வதும் இதைத்தானே, கிருபைக்குக் கீழ் இருப்பவர்களைப் பாவம் ஆளாது. அதே மனிதர் 1739 ஜனவரியில் 'நான் கிறிஸ்தவனே இல்லை' என்றும் எழுதினார்! சரி, சந்தேகம் அவரையும் விடவில்லை. ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்தவெளியில் நின்று இதே கிருபையைப் பிரசங்கிக்க ஆரம்பித்துவிட்டார்.