மெயினை இறக்கிய பிறகும் ஓடும் ஃபேன்

தீப்பிடித்த வீட்டு வாசலில் தீயணைப்பு வீரர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "மெயினை ஆஃப் பண்ணியாச்சா?" "பண்ணியாச்சு சார்" என்று பதிலும் வந்துவிடும். உள்ளே போனால் ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. இப்போதைய தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கரண்ட் வர இரண்டு மூன்று வழி இருக்கிறது, அவர் ஒன்றைத்தான் அடைத்திருக்கிறார்.

மீட்டர் போர்டிலேயே குழப்பம் தொடங்கிவிடும். மாடிக்கு ஒரு சர்வீஸ், கீழ் வீட்டுக்கு ஒன்று, மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் காமன் சர்வீஸ் தனி. த்ரீ ஃபேஸ் வீடென்றால் ஃபேஸ் செலக்டர் இருக்கும். ஒரு ஃபேஸ் போனால் அடுத்ததற்குத் திருப்புவது வீட்டாரின் கைப்பழக்கம். ஆகவே ஒரு ஃப்யூஸைப் பிடுங்கியது போதாது, மூன்றையும் எடுக்க வேண்டும். அதிலும் முதலில் மெயின் ஸ்விட்ச், பிறகுதான் ஃப்யூஸ் கேரியர், அதாவது ஃப்யூஸ் கம்பி மாட்டிய பீங்கான் பிடி. லோடு ஓடும்போது கேரியரை இழுத்தால் பொறி முகத்துக்கு நேராக அடிக்கும்.

மெயினுக்கு முந்தைய பகுதி, அதாவது கம்பத்திலிருந்து மீட்டர் வரையிலான சர்வீஸ் வயர், நீங்கள் என்ன செய்தாலும் உயிரோடுதான் இருக்கும். சூட்டில் அதன் மேலுறை உருகினால் ஜிஐ பைப், தகரக் கூரை, துணி காயப்போடும் கொடிக்கம்பி என்று எதில் பட்டாலும் அதிலும் கரண்ட் ஏறும். "ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போய்விடாதா?" என்று கேட்கலாம். தகரம் வழியாக மண்ணில் இறங்கும் பாதைக்கு 20 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் ஃப்யூஸ் அசையாது. ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே தாராளம். இந்த வயரைத் தீயணைப்புக் குழு வெட்டக் கூடாது. கம்பத்திலோ பில்லர் பாக்ஸிலோ ஈபி ஆட்கள்தான் துண்டிக்க வேண்டும். கிளம்பும்போதே ஈபியின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லிவிட்டால் நேரம் மிச்சம்.

அடுத்து இன்வெர்ட்டர். மெயினை இறக்கிய கணமே அது ‘பவர் கட்’ என்று நினைத்துத் தானாக எடுத்துக்கொள்ளும், அதே 230 வோல்ட்டில். அந்த ஃபேன் சுற்றியது இதனால்தான். படிக்கட்டுக்கு அடியிலோ பால்கனி மூலையிலோ இருக்கும். முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால் பல மாடல்களில் ஈபி கரண்ட் நேராகக் கடந்து போகும், அதனால் ஈபி மெயின், முன்பட்டன் இரண்டும் ஆஃப் ஆக வேண்டும். பேட்டரியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குப் பிறகு, நெகட்டிவ் முனையை முதலில். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஸ்பேனர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிவிடும்; சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரியைச் சுற்றி, பொறி பட்டால் வெடிக்கும் ஹைட்ரஜனும் நிற்கும்.

எல்லாவற்றிலும் வில்லங்கம் மொட்டை மாடி சோலார்தான். 540 வாட் பேனல் ஒன்றில், லோடு இல்லாதபோது, ஏறத்தாழ 49 வோல்ட். ஆறு பேனலைத் தொடராக இணைத்த 3 கிலோவாட் அமைப்பில் கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். ஈபி போனதும் ஈபி லைனோடு இணைந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் நின்றுவிடும். பேனல் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்சான டிசி ஐசோலேட்டரையும் திருப்பிவிடலாம். ஆனால் பேனலிலிருந்து ஐசோலேட்டர் வரை இறங்கும் கறுப்பு, சிவப்பு கேபிள்களில் வெயில் இருக்கும்வரை வோல்ட்டேஜ் இருக்கும். வெயிலுக்கு ஸ்விட்ச் கிடையாது. திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டில் பொறி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அணைய வாய்ப்புண்டு, டிசி பொறி விடாமல் எரியும். அதனால் கேபிளை வெட்டுவது, லோடில் கனெக்டரை இழுப்பது, பேனல்மேல் ஏறி நடப்பது எதுவும் வேண்டாம். கனமான கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினால் வோல்ட்டேஜ் இறங்கும், மெல்லிய நீல ஷீட் போதாது. பேனலை மூட நுரை அடித்தாலும் அது சரிந்து வழிந்துவிடும்.

இங்கே டெஸ்டரும் ஏமாற்றும். வயருக்குப் பக்கத்தில் காட்டினால் கீச்சிடும் தொடாத டெஸ்டர் ஏசியை மட்டுமே கண்டுகொள்ளும். 300 வோல்ட் டிசி கேபிளின்மேல் வைத்தாலும் கம்மென்று இருக்கும். இரும்பு பைப்புக்குள் ஓடும் ஏசி வயரும் அதற்குத் தெரியாது.

கரண்ட் போனது உறுதியாகாமல் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்தால் தூரமும் வடிவமும் முக்கியம். ஜெர்மனியின் டிஐஎன் விடிஇ 0132 விதி சொல்லும் கணக்கு எளிது: ஏசியில் 1000 வோல்ட்டுக்குள் என்றால் தூவலுக்கு 1 மீட்டர், நேர் தாரைக்கு 5 மீட்டர்; 1000 வோல்ட்டுக்கு மேல் என்றால் முறையே 5, 10 மீட்டர். இது சின்ன நாசில், 5 பார் அழுத்தத்துக்குப் போட்டது, பெரிய நாசில் என்றால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். கரண்ட் உள்ள இடத்தில் நுரை கூடவே கூடாது. மீட்டர் போர்டு அளவுத் தீக்கு சிஓ2வோ டிசிபி எனப்படும் உலர் ரசாயனப் பவுடரோ போதும்.

புகைக்குள் சுவரைத் தடவிப் போகும்போது புறங்கையால் தடவுங்கள். ஷாக் அடித்தால் தசை சுருங்கி விரல்கள் மடங்கும். உள்ளங்கையாக இருந்தால் வயரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாகிவிடும். ஃபால்ஸ் சீலிங் வீடுகளில் பிளாஸ்டிக் கிளிப் உருகி வயர்கள் கொத்தாகத் தொங்கும், மூச்சுக்கருவி சிலிண்டரில் மாட்டினால் திரும்ப முடியாது. குனிந்து போவதும் கையில் கட்டர் வைத்திருப்பதும் இதற்காகத்தான். வெளியே அலுமினிய ஏணி நிமிர்த்துமுன் மேலே பாருங்கள். 11 கேவி லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி, பால்கனியை நீட்டிக் கட்டிய தெருவில் அது இருக்காது.

பிடுங்கிய ஃப்யூஸ் கேரியர்களை போர்டுக்கு அடியில் வைத்துவிட்டு நகராதீர்கள். தீ அடங்கியதும் மாடி வீட்டுக்காரர் யாராவது "லைட் இல்லையே" என்று வந்து மாட்டிவிடுவார். குழுத் தலைவர் பையில் போட்டுக்கொண்டு, ஈபி ஆள் வந்ததும் எண்ணி ஒப்படைக்கலாம்.