சோறு ஆறுவதற்குள்: டோக்கியோவின் ஒமகாசே கவுன்டர்

வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீன் துண்டு வைத்துத் தரும் ஜப்பானிய சுஷி வகைதான் நிகிரி. அந்தச் சொல்லுக்குக் 'கையால் பிடித்தது' என்றுதான் பொருள். ஆனால் நம் பிடிகொழுக்கட்டை போல அழுத்திப் பிடிப்பதில்லை. கை தேர்ந்தவர் பிடித்த நிகிரியைத் தட்டில் வைத்ததும் உற்றுப் பார்த்தால், மீனும் சோறும் சேர்ந்து ஒரு மயிரிழை கீழே அமுங்குவது தெரியும். பருக்கைகளுக்கு நடுவில் காற்று விட்டுப் பிடித்திருப்பதால் தன் எடைக்கே அது படிகிறது. வெளியே உருக்குலையாது, வாயில் போட்டதும் உதிரும். மட்டமான கடையில் அது செங்கல் மாதிரி அப்படியே நிற்கும்.

ஒரு நிகிரியில் இருப்பது 10 முதல் 15 கிராம் சோறு. அது உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். மேலே வைக்கும் மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் அரை நிமிடம் தாங்கினால் பெரிது. அதற்குள் சாப்பிடவில்லை என்றால் சோறு ஆறி இறுகும், மீன் சூடேறும், நோரி என்கிற கடற்பாசித் தாள் சுற்றியிருந்தால் நமத்துப்போகும். என்ன தருவது என்பதைக் கடைக்காரரே முடிவு செய்கிற ஒமகாசே கடைகளின் கெடுபிடிகளைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். பாதிக்கு மேல் இந்த அரை நிமிடத்தைக் காப்பாற்றத்தான், பவிசுக்கு அல்ல.

இதன் பிறப்பும் அவசரத்தில்தான். 1820களில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடையில் நின்றபடி கையால் எடுத்துத் தின்றுவிட்டுப் போகிற பண்டம் இது. இந்த வடிவத்துக்குப் பெயர் வாங்கியவர் ஹனாயா யோஹெய். ஐஸ் பெட்டி இல்லாத காலம் என்பதால் மீனுக்கு உப்புப் போட்டார்கள், வினிகரில் நனைத்தார்கள், சோயாவில் ஊறவைத்தார்கள், சிலவற்றை வேகவைத்தார்கள். எடோமாயே, அதாவது எடோ பாணி, என்று பெயர் போட்ட கடைகள் இன்றும் காசு வாங்குவது அந்தக் கைவேலைக்குத்தான். 'பச்சை மீனை வெட்டி வைக்க இவ்வளவு விலையா' என்று கேட்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கொஹாதா என்ற வெள்ளி நிறச் சிறு மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை மலிவு, ஆனால் கடையின் தரத்தை இதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். வயிற்றைப் பிளந்து விரித்து, உப்புத் தூவி, கழுவி, வினிகரில் போட்டு எடுத்து, ஒரு நாளாவது ஆறப்போட வேண்டும். உப்பில் எத்தனை நிமிடம், வினிகரில் எத்தனை நிமிடம் என்பது மீனின் அளவையும் அன்றைய கொழுப்பையும் பொறுத்தது. உப்பு அதிகமானால் சதை விறைக்கும். வினிகர் அதிகமானால் வெளுத்து வறண்டுபோகும். கோடையில் இதன் குஞ்சு ஷின்கோ என்ற பெயரில் வரும். ஒரு நிகிரிக்கு இரண்டு மூன்று குஞ்சுகளை அடுக்க வேண்டியிருக்கும். வேலைக்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது.

நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்த அன்றே பரிமாறுவது அபூர்வம். பல நாள் ஆறவைத்தால்தான் சுவை தேறும். சிவப்புச் சதை அகாமி, நடுத்தரக் கொழுப்பு சூதோரோ, வயிற்றுக் கொழுப்பு ஓதோரோ. முதல் தடவை போகிறவர்கள் ஓதோரோவுக்குக் காத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் சோயாவில் ஊறிய அகாமிதான் அன்றைய சூரையின் யோக்கியதையைச் சொல்லும். கொழுப்பு எதையும் மறைத்துவிடும். சால்மனைத் தேடாதீர்கள். சுஷியில் பச்சை சால்மன் பரவியது 1980களில் நார்வே செய்த விளம்பரத்துக்குப் பிறகுதான். எடோமாயே கவுன்டர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை.

ஒமகாசே என்றால் 'உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்' என்று அர்த்தம். மெனு கிடையாது. எட்டுப் பத்து இருக்கைகள், எதிரே தலைமைக் கைவினைஞர். அவரை 'தைஷோ' என்று கூப்பிடலாம். முதலில் சில சிறு பதார்த்தங்கள், பிறகு பத்துப் பதினைந்து நிகிரி, கடைசியில் மிசோ சூப்பும் தாமாகோ என்கிற முட்டையும். மொத்தம் இரண்டு மணி நேரம். டோக்கியோவின் ஆடம்பர வட்டாரமான கின்ஸாவில் பெயர் பெற்ற கடை என்றால் இரவுக்கு ஆளுக்கு 30,000 யென்னுக்கு மேல் எடுத்துவையுங்கள். மதியச் சாப்பாடு போடும் கடைகளில் செலவு கணிசமாகக் குறையும், மீன் அதே டொயோசு சந்தை மீன்தான்.

இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. சில கடைகள் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அடுத்த மாதத்துக்கான இடங்களைத் திறக்கும், நிமிடங்களில் தீர்ந்துவிடும். தங்கும் ஹோட்டலின் கான்சியர்ஜிடம் கேட்பது நல்ல வழி, வெறும் ஃபோன் அழைப்பு வேலைக்காகாது. சில கடைகள் தெரிந்தவர் அறிமுகம் இல்லாமல் யாரையும் எடுப்பதே இல்லை. கின்ஸாவின் சுகியபாஷி ஜிரோ என்ற கடை 2019 நவம்பரில் வெளியான மிச்லின் உணவக வழிகாட்டியின் பதிப்பிலிருந்து விலக்கப்பட்டது, தரம் குறைந்ததால் அல்ல; பொதுமக்கள் முன்பதிவு செய்ய முடியாத கடை ஆகிவிட்டதால். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையும் பிடிப்பது வழக்கம். மீன் ஏற்கெனவே தலைக்கணக்குப் பார்த்து வாங்கப்பட்டிருக்கும்.

பல கடைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் தொடங்குவார்கள், சோறும் அந்த நேரத்தைக் கணக்குப் பார்த்து வடித்ததாக இருக்கும். பத்து நிமிடம் தாமதித்தால் ஒன்று நீங்கள் இழக்க வேண்டும், அல்லது மற்ற ஏழு பேர் காத்திருக்க வேண்டும். கின்ஸாவில் பாதிக் கடைகள் ஏதோ ஒரு கட்டடத்தின் நிலவறையிலோ ஆறாவது மாடியிலோ இருக்கும். பெயர்ப்பலகை உள்ளங்கை அகலம்தான். கட்டடத்தைக் கால் மணி நேரம் முன்பே கண்டுபிடித்துவிட்டு, ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போங்கள். அதற்கு முன்னால் போனாலும் அவர்களுக்குத் தொந்தரவுதான்.

அன்றைக்கு செண்ட், அத்தர், ஜவ்வாது, தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். வாசனைதான் சாப்பாட்டில் பாதி, பக்கத்து இருக்கையோ ஒரு முழ தூரத்தில். கைக்கடிகாரம், வளையல், மோதிரத்தைக் கழற்றிப் பையில் போடுங்கள். கவுன்டர் பெரும்பாலும் ஒரே பலகையாக இழைத்த ஹினோக்கி மரம். மெத்தென்றிருக்கும், ஒரு உரசலில் கோடு விழும். ஃபோனையும் அதன் மேல் வைக்காதீர்கள். படம் எடுக்கக் கேட்டுக்கொண்டு ஒன்று எடுங்கள். கோணம் பார்த்து நான்கு எடுப்பதற்குள் அந்த அரை நிமிடம் போய்விடும்.

கையால் சாப்பிடலாம் என்றதும் நமக்குத் தெம்பு வரும். ஆனால் இங்கே பிசைகிற வேலை இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பக்கவாட்டில் பிடித்து, சாய்த்து, ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்து மீதியைத் தட்டில் வைத்தால் சிதறிவிடும். பெரிதாகப்பட்டால் 'சோறு கொஞ்சமாக' என்று முதலிலேயே சொல்லிவிடலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சோயாவைத் தேட வேண்டாம். மிரின் அல்லது சாக்கே என்ற அரிசி மது சேர்த்துக் காய்ச்சிய நிகிரி சோயாவைத் தூரிகையால் பூசித்தான் தருவார்கள். தனியாகச் சோயா வைத்திருந்தால் மீன் பக்கத்தை மட்டும் தொட வேண்டும். சோறு பட்டால் உறிஞ்சிக்கொண்டு உதிரும். வசாபியையும் உள்ளேயே வைத்திருப்பார்கள். சுறாத்தோலில் துருவிய அசல் வசாபியின் மணம் சில நிமிடங்களில் பறந்துவிடும் என்பதால் அவ்வப்போது துருவுவதைக் கவனிக்கலாம். இஞ்சி ஊறல் ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாக்கைக் கழுவ. மீனின் மேல் வைத்துத் தின்பதற்கல்ல.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே போக வேண்டாம். மீனை விலக்கினாலும் சூப்பிலும் முட்டையிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கோம்பு கடற்பாசி, காளான் சாற்றில் சமைக்கும் ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடத்துச் சாப்பாடு கோயாசானிலும் கியோட்டோவிலும் கிடைக்கிறது, அதுவே சரியான இடம். ஹலால் பார்ப்பவர்கள் நிகிரி சோயாவில் உள்ள மதுவை மட்டுமல்ல, வினிகரையும் கேட்க வேண்டும்: பல கடைகளின் சிவப்பு வினிகர் சாக்கே வடித்த சக்கையிலிருந்து வருவது. ஒவ்வாமை இருந்தால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். கவுன்டரில் உட்கார்ந்த பின் சொன்னால் மாற்று மீன் இருக்காது.

முட்டை வந்துவிட்டால் ஒமகாசே முடிந்தது என்று அர்த்தம். 'வேறு ஏதாவது?' என்று கேட்பார்கள். இனி கேட்பது ஒவ்வொன்றும் தனிக்கணக்கு, விலை எங்கும் எழுதியிருக்காது. கடல் முள்ளெலியான உனி ஒன்று ஆயிரம் யென்னைத் தாண்டுவது சர்வசாதாரணம். பில் கேட்க 'ஓகைகெய் ஒனெகாய்ஷிமாஸ்' என்று சொல்லுங்கள். சினிமாவில் பழகிய 'ஓஐசோ' கடைக்காரர்கள் பேசுகிற சொல், விருந்தாளி வாயில் நன்றாக இருக்காது. டிப்ஸ் வைக்க வேண்டாம். வைத்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். வரி 10 சதவீதம், சில இடங்களில் சேவைக் கட்டணமும் சேரும்.

கிளம்பும்போது 'கொச்சிசோசாமா' (விருந்துக்கு நன்றி) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பேச்சை வளர்க்காமல் எழுந்துவிடுங்கள். அடுத்த சுற்றுக்கான சோறு வினிகர் கலந்து, வைக்கோல் உறை போட்ட மரத்தொட்டியில் ஏற்கெனவே காத்திருக்கும்.