சித்திரை வெயிலில் கம்பளி

2023 சித்திரையில் ஊரே வெக்கையில் புழுங்கிக் கிடந்தபோது நான் மட்டும் கம்பளியை இழுத்து மூடிப் படுத்திருந்தேன். எங்க வீட்டுக்காரர் ஃபேனைப் போடுவார், நான் எழுந்து அணைப்பேன். "ஏட்டி, ஒனக்கென்ன கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?" என்று ஒரு நாள் ராத்திரி கத்தியே விட்டார். முக்கூடல் பக்கத்து வெயிலைத் தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

குளிர் மட்டும் என்றால் பரவாயில்லை. நடுச்சாமத்தில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பீடி சுற்றுகிற கைதானே, மரக்கத்தான் செய்யும் என்றார்கள். தீட்டு பத்து நாளானாலும் நிற்காது. நாற்பதை நெருங்குகிற வயசு, அப்படித்தான் என்றார்கள். மலச்சிக்கலுக்கு வாழைப்பழம், முடி கொட்டினதுக்கு போர் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வீட்டிலேயே தயாராக இருந்தது. குரல் கரகரத்துப்போய், போன் எடுத்தால் சித்தி "யாரு, தம்பியா?" என்பாள். அதற்கு மட்டும் எல்லாரும் சிரித்தோம்.

பெரிய பாடு சடவுதான். ஒரு நாளைக்கு 900 பீடி சுற்றினவள் 500-க்கு வந்துவிட்டேன். தட்டை மடியில் வைத்தபடியே உறங்கிவிடுவேன். 11 கிலோ கூடியிருந்தது. வயிறு நிறைய சாப்பிட்டு மாசக்கணக்காகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அத்தை நேராகத் திட்ட மாட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "நல்லா தின்னுட்டு ஒறங்குதா" என்று என் காதில் விழுகிற மாதிரி சொல்வாள். நோயைவிட அந்தப் பேச்சுதான் உறைத்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒரு டாக்டர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அது பொய்யில்லை, ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. இன்னொருவர், மனக்கவலை என்று உறக்கத்துக்கு மாத்திரை எழுதினார். ஏற்கெனவே உறங்கி வழிகிறவளுக்கு!

ஆனி மாதம் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி பஸ் மாறி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்து, என் முறை வர பதினொன்றரை ஆகிவிட்டது. உள்ளே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. முந்தானையைத் தோள் சுற்றிப் போர்த்தியிருந்ததைப் பார்த்து, "இந்தப் புழுக்கத்துல ஏம்மா இப்படி?" என்று ஆரம்பித்தார். புருவத்தின் வெளிப்பக்கம் முடி உதிர்ந்திருந்ததை அவர்தான் காட்டினார். எச்சில் விழுங்கச் சொல்லி, கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் முட்டி போட வைத்து, குதிகாலுக்கு மேல் நரம்பில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று அசைந்தது; பழைய நிலைக்குத் திரும்பும்போது மட்டும் ஆற அமர வந்தது. கூட இருந்த பயிற்சி டாக்டர் பையனிடம், "பாத்தியா, பையத் திரும்புது" என்றார். என் ஒரு வருசக் கதையை என் கால் சொல்லிவிட்டது.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 68. ஏறத்தாழ நாலரை வரைக்கும்தான் இருக்கலாமாம். தைராய்டு ரொம்பக் கூடிவிட்டது போல என்று நான் நினைத்தேன். நேர் எதிர். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, "வேலையைப் பாரு" என்று தைராய்டை விரட்டுகிற சத்தம் அது. தைராய்டு படுத்துவிட்டால் அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். அத்தையையும் என்னையும் போலத்தான்.

எதிர்ப்பணு சோதனையும் எடுத்தார்கள். உடம்பின் காவல் சக்தியே தைராய்டைத் தாக்குகிற நோய். 1912-ல் இதை விவரித்த ஜப்பான் டாக்டர் ஹாஷிமோட்டோவின் பெயராலேயே அழைக்கிறார்கள். கல்லுப்பை விட்டு அயோடின் உப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்று தெருவில் சொன்னார்கள். அயோடின் குறைந்து வருகிற கழலைக்கு அது சரி, எனக்கு வந்தது வேறு.

தைராய்டு சுரக்க வேண்டியதை மாத்திரையாகத் தருகிற தைராக்ஸினை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 41. இவ்வளவுதானா என்று அழுகையே வந்தது. "எப்படிம்மா சாப்பிடுற?" என்றார் டாக்டரம்மா. காலையில் டீயோடு, இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இரும்பும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இதை உடம்பில் சேரவிடாதாம், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, முக்கால் மணி நேரம் டீ காப்பி கூடாது. இரும்பை ராத்திரிக்கு மாற்றினேன், தைராக்ஸினை 100 ஆக்கினார்கள். அடுத்த முறை 6.2, தை மாதம் 2.8.

நடுவில் மதினி வந்து, "எளைக்கிற மாத்திரையாமே, எனக்கும் ரெண்டு தாயேன்" என்றாள். கொடுக்கவில்லை. தேவையில்லாதவர்கள் சாப்பிட்டால் நெஞ்சு படபடத்து, இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். அவளுடைய தங்கைக்கே தைராய்டு அதிகமாகச் சுரந்து, கை நடுங்கி, வியர்த்து, தின்னத் தின்ன எலும்பும் தோலுமாகப் போனதை நேரில் பார்த்தவள்தான் இவள். ஆனாலும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. மலச்சிக்கல் முதலில் போனது. புருவம் முளைக்க மாசக்கணக்கானது. எடையில் 4 கிலோதான் இறங்கியிருக்கிறது. நீர் வடிந்தது அவ்வளவுதான், மிச்சத்துக்கு மாத்திரையை நம்பாதே என்று சொல்லிவிட்டார்கள். கை மட்டும் இன்னும் எப்போதாவது மரக்கும், அதில் பீடிக்கும் பங்கு இருக்கும்போல. இப்போது 800 வரை சுற்றுகிறேன். நாலரை மணிக்கு எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டை எடுத்துக்கொள்வேன். டீ குடிக்க முடியாத அந்த முக்கால் மணி நேரத்தில் 60 பீடி முடிந்திருக்கும்.