சாப் 900 கிளட்ச் சத்தம்: ஒரே வேலைய ரெண்டு தடவ செஞ்ச கதை

நகத்துக்குள்ள கிரீஸ் இன்னும் போகல, அதுக்குள்ள எழுதி வச்சிடறேன், இல்லன்னா பாதி மறந்து போயிடும்.

என்கிட்ட இருக்கறது பழைய சாப் 900 கார். 1978-ல ஆரம்பிச்சு 93 வரைக்கும் வந்துச்சே, அந்த மாடல். கம்பெனியே 2011-ல திவாலாயிடுச்சு, அதனால இந்த வண்டிய வச்சிருக்கறவன் எல்லாம் ஒரு கட்டத்துல பாதி மெக்கானிக் ஆகித்தான் தீரணும்.

பிரச்சன என்னன்னா, சிக்னல்ல கிளட்ச மிதிச்சுட்டு நிக்கும்போது கிர்ர்ர்ருனு ஒரு சத்தம், துருப்பிடிச்ச கிணத்து ராட்டினம் சுத்தற மாதிரி. கால எடுத்தா நின்னுடும். மொதல்ல காட்டின மெக்கானிக் அண்ணன் பானெட்ட திறக்கவே அஞ்சு நிமிஷம் மூக்குப் பக்கம் தடவிப் பாத்தாரு, இந்த வண்டில கண்ணாடிப் பக்கம் தூக்கி, முன்னாடி இழுத்து, அப்புறம் மூக்குப் பக்கமா சாய்க்கணும், அது அவருக்குத் தெரியல. ஆனா தீர்ப்பு மட்டும் உடனே வந்துடுச்சு. "ரிலீஸ் பேரிங் போயிடுச்சு தம்பி, இன்ஜின எறக்கணும், ஒரு வாரம் ஆகும்." ரிலீஸ் பேரிங்னா பெடல மிதிக்கும்போது கிளட்ச தள்ளிப் பிரிக்கற பேரிங். நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து மேனுவல பிரிச்சுப் பாத்தா தலையே சுத்துது. இந்த வண்டில இன்ஜின திருப்பி வச்சிருக்கான். பெல்ட் எல்லாம் டேஷ்போர்டு பக்கம் சுவர ஒட்டி, கை நுழையாத எடத்துல இருக்கு, கிளட்ச் ரேடியேட்டர் பக்கம் முன்னாடி இருக்கு. கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில, கிளட்ச்ல இருந்து செயின் வழியா சக்தி கீழ எறங்குது. அதனால இன்ஜினும் எறக்க வேணாம், கியர்பாக்ஸும் எறக்க வேணாம், மேல இருந்து குனிஞ்சே கிளட்ச கழட்டி எடுத்துடலாம்! ஒரு வாரமாம்.

சாமான் வாங்கறதுல மொத அடி விழுந்துச்சு. 900-ன்னு சொன்னதும் ஒரு பார்சல் வந்துது, திறந்து பாத்தா ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்த ஆயில் வழியா வாங்கி கிளட்ச தள்ளறது) என் வண்டிக்கு சம்பந்தமே இல்லாத வடிவத்துல இருக்கு. 94-ல இருந்து வந்த புது 900-க்கும் அதே பேரு, ஆனா அது ஜிஎம் அடித்தளத்துல கட்டின வேற வண்டி, கிளட்ச் இருக்கற எடமே வேற. பேரச் சொல்லி வாங்காதீங்க, சேசிஸ் நம்பரச் சொல்லி வாங்குங்க. எனக்கு ரெண்டு வாரம் அதுல போச்சு.

சரி, கழட்டற வேலை. இதுல உயிர்நாடியே ஒரு வளையம்தான். பெடல மிதிச்சதும் பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்ட அமுக்கிப் பிடிக்கற பாகம்) மூடிக்கும் உள்ள இருக்கற ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஒரு இடைவெளி விழும், அதுல அந்த வளையத்த சொருகிட்டு பெடல விட்டா கிளட்ச் அமுங்கின மாதிரியே நிக்கும், அப்பத்தான் மொத்த செட்டும் அந்த சந்துல வெளிய வரும். லேத்துல சொல்லி ஒண்ணு செஞ்சேன், தடிமன் பத்தல, உள்ள லொட லொடன்னு ஆடுது, செட்டு வெளிய வரவே இல்ல. ரெண்டாவது வளையம் சரியா உக்காந்துச்சு. பையன் உள்ள உக்காந்து பெடல மிதிக்க, நான் இங்க விரல விட்டு வளையத்த தள்ள, "விட்டுடாத டா, விட்டுடாத டா"ன்னு கத்திக்கிட்டே செஞ்சேன். அவன் கால் வழுக்கியிருந்தா என் விரல் கதி அவ்வளவுதான், உங்க வீட்ல சொன்னா கேக்கற ஆள மட்டும் உக்கார வைங்க.

அப்புறம் கிளட்ச் நடுவுல போற ஷாஃப்ட் முனைல இருக்கற மூடிய எடுத்து, அதுக்குள்ள இருக்கற சின்ன பிளாஸ்டிக் காத்தாடிய உடையாம எடுத்து, முனைல உள்ள மரைல எம்8 போல்ட்ட ஏத்தி ஷாஃப்ட்ட முன்னாடி இழுத்தேன். ஸ்லேவ் மூணு போல்ட், பிரஷர் பிளேட் ஆறு போல்ட். இது எல்லாம் மேனுவல்ல இருக்கறபடியே வந்துடுச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஸ்லேவ கழட்டின பிறகு யாரும் பெடல தொடக்கூடாது, பிஸ்டன் தெறிச்சு வெளிய வந்துடும். பெடல்ல ஒரு துணிய கட்டி வச்சுட்டேன்.

புது கிளட்ச் பிளேட், புது பிரஷர் பிளேட், புது ரிலீஸ் பேரிங், புது ஸ்லேவ் எல்லாம் அடுக்கி வச்சுட்டு கெத்தா நின்னா, அப்பத்தான் உறைக்குது, வளையம் பழைய பிரஷர் பிளேட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. புதுசுல வளையம் இல்ல. அமுக்காம உள்ள போகாது. ரெண்டையும் தூக்கிக்கிட்டு பிரஸ் இருக்கற பட்டறைய தேடிப் போயி, பழசுல இருந்து எடுத்து புதுசுல போட்டு வாங்கிட்டு வந்தேன், ஒரு நாள் காலி. ரெண்டு வளையமா செஞ்சு வச்சுக்கோங்க, ஒல்லியான அந்த மொத வளையத்தால ஒரு பிரயோஜனமும் இல்லாம போச்சு.

மாட்டின பிறகு இன்னொரு கூத்து. வளையம் வெளிய வரணும்னா பெடல் முழுசா வேலை செய்யணும், பெடல் வேலை செய்யணும்னா லைன்ல காத்து இருக்கக் கூடாது. இந்த ஸ்லேவுல காத்து வெளிய வராம சண்டித்தனம் பண்ணும். பையன் ஒரு நூறு தடவ மிதிச்சிருப்பான், பெடல் பஞ்சு மாதிரியே இருக்கு. கடைசில பிரேக் ஆயில் டேங்க் மேல இருந்து (பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டேங்க்தான்) லேசா காத்தழுத்தம் குடுத்து கீழ காத்து வெளிய விடற நிப்பிள திறந்ததும், பொடப்பொடன்னு குமிழா வந்து சுத்தமாச்சு. அடுத்த மிதில வளையம் டிங்குனு கழண்டு கீழ விழுந்துது பாருங்க, அந்த சத்தம் இருக்கே! ஃபெண்டர் மேல ஈரத்துணிய போட்டு வைக்க மறந்துடாதீங்க, பிரேக் ஆயில் பட்டா பெயிண்ட் உரிஞ்சுடும், எனக்கு காசு சைஸ்ல ஒரு எடம் போயிடுச்சு.

ஸ்டார்ட் பண்ணேன். நியூட்ரல்ல மிதிச்சேன். அமைதி. சிரிச்சேன். ஃபர்ஸ்ட் கியர் போட்டேன். கிர்ர்ர்ர்.

ஸ்டியரிங்ல தலைய வச்சு படுத்துட்டேன். பையன் பின் சீட்ல இருந்து "அப்பா, அதே சத்தம்தான்"ன்னான். ரொம்ப தேங்க்ஸ் டா.

அன்னிக்கு ராத்திரி கோவத்த அடக்கிக்கிட்டு ஒழுங்கா கேட்டேன், மொத நாளே செஞ்சிருக்க வேண்டிய காரியம். நியூட்ரல்ல பெடல மிதிச்சா சத்தம் உடனே வரல, ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு மெதுவா ஆரம்பிக்குது. கியர் போட்டா அந்த நிமிஷமே வருது. ரிலீஸ் பேரிங்னா கால் பட்டு அழுத்தம் ஏறும்போதே கத்தணும், கியருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இங்க நடக்கறது வேற. கிளட்ச் பிரிஞ்சதும் ஷாஃப்ட் கொஞ்ச நேரம் தன் வேகத்துல சுத்திட்டு நிக்குது, கியர் போட்டா உடனே நின்னுடுது. ஷாஃப்ட் நிக்குது, இன்ஜினோட கிராங்க் சுத்துது, ரெண்டுக்கும் நடுவுல வேலை செய்யறது யாரு? பைலட் பேரிங், ஷாஃப்ட் முனைய கிராங்க் பக்கம் தாங்கற குட்டி பேரிங்! கால எடுத்தா ரெண்டும் ஒண்ணா சுத்தும், அதுக்கு வேலையே இல்ல, அதான் சத்தம் நின்னுடுது. இதே கால எடுத்தா சத்தம் வந்து மிதிச்சா நின்னுச்சுன்னா, கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங்க சந்தேகப்படணும்.

கிளட்ச் திறந்து கிடந்தப்ப அது என் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு. விரல விட்டு ஒரு தடவ சுத்திப் பாக்கல, அவ்ளோதான் தப்பு.

ரெண்டாவது தடவ கழட்டறதுக்கு ஒரு காலைப் பொழுதுகூட ஆகல. சுண்டு விரல உள்ள விட்டு சுத்தினேன், மணல் போட்ட மாதிரி கரகரன்னுச்சு, கிரீஸ் காஞ்சு பொடியாயிருக்கு. நண்பன் ஒருத்தன் உள்பக்கமா கவ்வி இழுக்கற புல்லர் கொண்டு வந்தான், "இத்துனூண்டு சாமானுக்கா இவ்ளோ அலப்பற"ன்னு கேட்டுட்டு இழுத்துக் குடுத்தான். புதுச அடிக்கும்போது வெளி வளையத்து மேல மட்டும் படற மாதிரி சாக்கெட் வச்சு அடிங்க, உள் வளையத்துல அடி விழுந்தா புது பேரிங்கும் அன்னிக்கே செத்துடும். திரும்ப பிளீடிங் (அந்த காத்து எடுக்கற வேலை), திரும்ப பையன், இந்த தடவ லஞ்சம் குடுத்துத்தான் உக்கார வச்சேன்.

இப்ப சிக்னல்ல ஃபர்ஸ்ட் கியர் போட்டு மிதிச்சுட்டு நிக்கறேன், சுத்தமா சத்தம் இல்ல. அவ்வளவு அமைதில வேற ஒண்ணு கேக்குது, கீச் கீச்சுனு. பெல்ட்டு. டேஷ்போர்டு சுவர ஒட்டி இருக்கே, அதே பெல்ட்டு. ரேடியோ சத்தத்த கொஞ்சம் ஏத்தி வச்சுக்கிட்டேன்.