ஏப்ரலில் தோண்டாதீர்கள்

எங்கள் வீடு இல்லினாயில், சிகாகோவுக்கு மேற்கே. கார் நிறுத்தும் பாதையை ஒட்டி ஒரு முக்கோணத் துண்டு நிலம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் காயும். அங்கே வைத்த எதுவும் ஆகஸ்டைத் தாண்டியதில்லை. சரி, பிரெய்ரி என்கிற இந்தப் புல்வெளி மண்ணிலேயே பிறந்ததை வைப்போம் என்று பட்டர்ஃபிளை வீட் என்ற பூச்செடியை வாங்கினேன்.

அதையும் இரண்டு முறை கொன்றேன். முதல் செடிக்குத் தினமும் தண்ணீர் விட்டேன். களிமண் அல்லவா, நீர் தேங்கி வேர் அழுகிவிட்டது. இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வசந்தத்தில் சுற்றியிருந்ததெல்லாம் துளிர்த்தும் இது மட்டும் தலைகாட்டாததால், ஏப்ரல் கடைசியில் தோண்டிப் பார்த்தேன். கேரட் மாதிரி தடித்த ஆணிவேர், அதன் தலையில் விரல்நுனி அளவு ஒரு முளை, மண்வெட்டி பட்டு ஒடிந்து கிடந்தது. மே மாதம் வரைக்கும் தூங்குகிற ஜாதி என்று அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாவது முறை விதை போட்டேன். குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால், ஈர மணலில் கலந்து ஒரு மாதம் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில். சரளை கலந்து மண்ணை மேடாக்கினேன். உரம் போடவில்லை. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு தடவை தண்ணீர்.

மூன்றாம் வருடம் ஜூனில் பூத்தது. சுத்த ஆரஞ்சு. அப்போது அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா வந்திருந்தார்.

“என்னடா இது, பூ எருக்கு மாதிரியில்ல இருக்கு?” என்று குனிந்து ஓர் இலையைக் கிள்ளினார். பால் வரவில்லை. அம்மாவுக்கு ஏமாற்றம். ஆனால் அவர் சொன்னது சரிதான்: இரண்டும் ஒரே குடும்பம். இதன் சொந்தங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பால் உண்டு, இதற்குத்தான் கிடையாது.

ஜூலையில் தண்டெல்லாம் மஞ்சள் அசுவினி. அதுவும் நம்மூர் எருக்கிலும் அரளியிலும் அப்பிக்கிடக்கும் அதே பூச்சிதான். ஹோஸைப் பீய்ச்சி அடித்துக் கழுவினேன், மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இருந்த இரண்டு கிளைகளை மட்டும் விட்டுவிட்டு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு. எருக்கிலையைத் தின்னும் நம் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிப் புழுவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று அம்மாவிடம் சொன்னேன். “அதான் இந்தத் தீனி தின்னுது,” என்றார்.

இந்த முறை இலையுதிர்காலத்தில் தண்டை வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு பழைய கரண்டியையும் குத்தி வைத்திருக்கிறேன், அங்கே மண்வெட்டியோடு போய்விடக் கூடாதே என்று.